உப்பை விட்டு உலோகத்தைப் பிடிப்பது எப்படி?

ஒரு லிட்டர் கடல்நீரைச் சட்டியில் ஊற்றி முழுக்க வற்றவிட்டால் அடியில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு மிஞ்சும். சமையலறைக் கணக்கில் இரண்டு மேசைக்கரண்டி. பெரும்பகுதி சோடியமும் குளோரைடும்தான். அவற்றுக்குப் பின்னால் சல்ஃபேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம். இவற்றை அளப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம்.

அதே சட்டியின் அடியில் இரும்பு, செம்பு, துத்தநாகம், நிக்கல், காட்மியம், ஈயம் எல்லாம் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, தராசுக்கும் எட்டாது. சுவடு உலோகங்கள் என்று இவற்றுக்குப் பெயர். இவற்றை அளப்பதுதான் பாடு. எவ்வளவு பாடு என்பது எண்ணைப் பார்த்தால் புரியும்.

இந்தியப் பெருங்கடலையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, தெற்கு அட்சம் 20 டிகிரிக்கு வடக்கே மேற்பரப்பு நீரில் கிலோவுக்கு 42 முதல் 82 பிகோமோல் (ஒரு பிகோமோல் என்றால் ஒரு மோலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஈயம் கரைந்திருக்கிறது. ஆழ்கடலுக்குப் போனால் அது 1.5 முதல் 3.3 பிகோமோலாக இறங்கிவிடுகிறது. மேற்பரப்புக்கு 60 பிகோமோல் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோ நீரில் சுமார் 12 நானோகிராம் ஈயம். அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் 12 பங்கு.

அரிசியில் கல் பொறுக்கும் கணக்கில் சொல்லிப் பார்க்கிறேன். ஓர் அரிசி 20 மில்லிகிராம் எடை, கல்லும் அதே எடை என்று கொள்ளுங்கள். அரிசிதான் உப்பு, கல்தான் ஈயம். மேற்பரப்பு நீரில், 25 கிலோ மூட்டைகள் ஏறத்தாழ 2,300-ஐக் கொட்டினால் அதில் ஒரே ஒரு கல். ஆழ்கடல் நீரில் அந்த ஒரு கல்லுக்கு 68,000 மூட்டை கொட்ட வேண்டும். முறத்தில் போட்டுப் புடைத்து ஆகாது. அரிசியைத் தொடாமல் கல்லை மட்டும் பிடிக்கிற ஏதாவது வேண்டும். அந்த ஏதோ ஒன்றுதான் இந்தக் கட்டுரை.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்கலாம். கடல் மேற்பரப்பில் இருக்கும் ஈயத்தில் பெரும்பங்கு நாம் அனுப்பியது. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்துப் புகை, நிலக்கரிப் புகை, உலோகம் உருக்கும் ஆலைகளின் புகை எல்லாம் காற்றில் போய்க் கடலில் விழுந்தன. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் நின்றது. மேலே அதிகம், கீழே மிகக் குறைவு என்ற அந்த எண்ணே இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறது. இரும்பு வேறு விதமாக முக்கியம். தென் பெருங்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏராளமாக இருந்தும் மிதவை உயிரிகள் செழிக்காததற்குக் காரணம் இரும்புப் பற்றாக்குறை என்று 1980-களின் இறுதியில் கடலியலாளர் ஜான் மார்ட்டின் சொன்னார். அப்படிச் சொல்ல முடிந்ததே, கிலோவுக்கு ஒரு நானோமோலுக்கும் கீழே உள்ள இரும்பை நம்பகமாக அளக்க முடிந்ததால்தான்.

கருவிக்கு உப்பு ஆகாது

இன்று சுவடு உலோகங்களை அளக்கப் பெரும்பாலும் ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். நீரை மெல்லிய தூவானமாக்கி ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் அனுப்பும். அந்தப் பிளாஸ்மா சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடு. உள்ளே போனவை அணுக்களாக உடைந்து, மின்னூட்டம் பெற்று, ஒரு சிறு துளை வழியே வெற்றிடத்துக்குள் இழுக்கப்படும். அங்கே நிறை எண்படி பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிவிடும். சுத்தமான நீரில் லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவான ஈயத்தைக்கூட இது பார்த்துவிடும்.

அப்படியானால் கடல்நீரை நேராகவே உள்ளே விட்டால் என்ன? விட்டுப் பார்த்தவர்களுக்கு முதல் அரைமணி நேரத்திலேயே பதில் கிடைத்துவிடும். அந்தத் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அதைச் சுற்றி வெள்ளையாக உப்பு படியத் தொடங்கும். சமிக்ஞை மெல்ல மெல்லச் சரியும். காலையில் 100 என்று காட்டிய அதே கரைசல் மதியத்தில் 60 என்று காட்டும். வழக்கமாக இந்தக் கருவிக்குள் விடும் நீரில் கரைந்த உப்பு 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். கடல்நீரிலோ 3.5 சதவீதம்.

உப்பு படிவது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. கண்ணுக்குத் தெரியாத தொல்லை இன்னும் மோசம். பிளாஸ்மாவுக்குள் ஆர்கானும் சோடியமும் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாகப் போகும். ஆர்கானின் நிறை 40, சோடியம் 23, கூட்டினால் 63. செம்பின் முக்கிய ஐசோடோப்பும் 63! கருவிக்கு இரண்டும் ஒன்றுதான். கிலோவுக்குப் பத்துக் கிராமுக்கு மேல் சோடியம் உள்ள நீரில் இல்லாத செம்பு இருப்பதாகக் காட்டும். சரி, செம்பின் இன்னோர் ஐசோடோப்பான 65-ஐப் பார்க்கலாம் என்றால் அங்கே ஆர்கானோடு மெக்னீசியம்-25 சேர்ந்து வந்து உட்கார்ந்திருக்கும். துத்தநாகத்துக்கும் இதே கதி. வனேடியம் 51-இல் குளோரினும் ஆக்சிஜனும் ஒட்டிய துண்டு வரும்.

நீரைக் கூட்டி நீர்க்க வைத்தால் உப்பு குறையுமே என்பது அடுத்த யோசனை. இருபது மடங்கு நீர்க்க வைத்தால் உப்பு சமாளிக்கிற அளவுக்கு வந்துவிடும், உண்மைதான். ஆனால் ஆழ்கடல் நீரில் லிட்டருக்கு 0.4 நானோகிராமாக இருந்த ஈயம் 0.02 ஆகிவிடும். துறைமுகக் கழிவு நீர் போல உலோகம் அதிகமுள்ள மாதிரிக்கு இந்த வழி போதும். திறந்த கடலுக்குப் போதாது.

ஆக நமக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஆக வேண்டும். உப்பு போக வேண்டும், உலோகம் செறிய வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதால்தான் திண்மநிலைப் பிரித்தெடுப்பு இந்தத் துறையில் இவ்வளவு நிலைத்துவிட்டது. ஆய்வகத்தில் எஸ்.பி.இ. என்றே சொல்வோம்.

நண்டின் கொடுக்கு

எஸ்.பி.இ. என்றால் ஒரு சிறு பிளாஸ்டிக் குழல், அதற்குள் ரெசின் மணிகள், அவ்வளவுதான். மாதிரி நீர் மேலிருந்து மணிகளுக்கு நடுவே கசிந்து கீழே இறங்கும். வேண்டியது மணியில் ஒட்டிக்கொள்ளும், வேண்டாதது கீழே போய்விடும். வேண்டியதையும் வேண்டாததையும் அந்த மணிக்கு எப்படித் தெரியும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பள்ளி வேதியியலில் கொடுக்கிணைப்பு என்று படித்திருப்பீர்கள். கொடுக்கு என்றால் நண்டின் கொடுக்கேதான். கடல் உலோகங்களுக்கு அதிகம் பயன்பட்ட ரெசினில் மணியின் மேல் இமினோடைஅசிட்டேட் என்ற தொகுதி நட்டு வைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு நைட்ரஜன், இரு பக்கமும் இரண்டு கார்பாக்சிலேட் கைகள். செம்பு அயனி அருகே வந்தால் மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் கவ்வும். சோடியம் வந்தால் கவ்வாது. ஒற்றை மின்னூட்டம் உள்ள சோடியம் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை விட்டுவிட்டு இந்தக் கைகளுக்கு வரவேண்டிய தேவையே இல்லை. மெக்னீசியமும் கால்சியமும் நடுவில் நிற்பவை. கொஞ்சம் ஒட்டும், ஆனால் தளர்வாக. இந்தத் தொகுதிக்குக் கால்சியத்தின் மேல் உள்ள பிடியைவிடச் செம்பின் மேல் உள்ள பிடி ஒரு கோடி மடங்குக்கும் அதிகம். அந்த வேறுபாட்டை நம்பித்தான் மொத்த வேலையும் நடக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு இதை நான் வாயால் விளக்குவதில்லை. மயில்துத்தத்தை, அதாவது செம்பு சல்ஃபேட்டை, வைத்துக் காட்டிவிடுவேன். 100 மில்லிலிட்டர் நீரில் 3 கிராம் உப்பு, 100 மில்லிகிராம் மயில்துத்தம், கொஞ்சம் அம்மோனியம் அசிட்டேட். உப்பு முப்பது மடங்கு, செம்பு உப்பு ஒரு மடங்கு. அந்த நீர் நீலமா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருக்கும், அவ்வளவு வெளிறியிருக்கும். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குள் மூன்று மில்லிலிட்டர் அளவுக்கு ரெசின். வெளிர்மஞ்சளாக, பொடி ரவையை நனைத்து வைத்தாற்போல இருக்கும். அதன்மேல் நீரை மெல்ல ஊற்றுங்கள்.

முதல் சில நொடியிலேயே ரெசினின் மேல்முனையில் நீலம் ஏறும். மயில்துத்தத்தைக் கட்டியாகப் பார்த்தால் இருக்குமே, அந்த அடர்ந்த நீலம். நீர் இறங்க இறங்க அந்த நீலப் பட்டை ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தடிக்கும். பட்டைக்குக் கீழே உள்ள ரெசின் நிறம் மாறாமல் அப்படியே நிற்கும். கீழே சொட்டுகிற நீரில் நிறமே இல்லை. அந்தச் சொட்டில் வெள்ளி நைட்ரேட்டை ஒரு துளி விட்டால், பாடப் புத்தகத்தில் சொல்லியிருப்பது போலத் தயிர் போன்ற வெண்மை விழும். குளோரைடு தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். உப்பு கீழே போகிறது, செம்பு மேலே நிற்கிறது.

அப்புறம் 5 மில்லிலிட்டர் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை மேலே விடுங்கள். நீலப் பட்டை அசைந்து கீழே நகரத் தொடங்கும். குழலின் முனையில் வருகிற சொட்டு இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாத நீலம். ரெசின் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். 100 மில்லிலிட்டரில் பரவிக் கிடந்த செம்பு 5 மில்லிலிட்டருக்குள் வந்துவிட்டது, இருபது மடங்கு செறிவு. கடல்நீரில் நடப்பதும் இதேதான். என்ன, அங்கே எந்த நிறமும் தெரியாது.

ஒட்டவும் விடவும் பி.எச்.தான்

அமிலம் ஊற்றியதும் ரெசின் ஏன் செம்பை விட்டது? கொடுக்கின் கைகளை ஹைட்ரஜன் அயனிகளும் பிடிக்க முடியும். பி.எச். 6-இல் ஹைட்ரஜன் அயனி குறைவு, கைகள் காலியாக இருக்கும், உலோகம் வந்து உட்காரும். ஒரு மோலார் அமிலத்தில் ஹைட்ரஜன் அயனி அதைப் போலப் பத்து லட்சம் மடங்கு. எல்லாக் கைகளையும் அதுவே பிடித்துக்கொள்ளும், உலோகம் இறங்கிப் போக வேண்டியதுதான். ஒட்டுவதும் விடுவதும் இந்த ஒரே திருகில் இருப்பதால், இந்த வேலையில் எதைச் சரிபார்க்காவிட்டாலும் பி.எச்.-ஐச் சரிபார்த்தே ஆக வேண்டும். கைக்கு வந்த முடிவு விநோதமாக இருந்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

உண்மையான கடல்நீர் மாதிரி வரும்போது அது அமிலமாக இருக்கும். கப்பலிலேயே 0.2 மைக்ரான் வடியில் வடிகட்டி, லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் கணக்கில் தூய ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துவிடுவார்கள். பி.எச். 1.8 பக்கம் வந்து நிற்கும். இல்லாவிட்டால் இரும்பும் ஈயமும் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், நுண்ணுயிர்களும் வளரும். இந்த மாதிரியை அப்படியே குழலில் ஊற்றினால் எந்த உலோகமும் ஒட்டாமல் கீழே போய்விடும். அதனால் அம்மோனியம் அசிட்டேட் பஃபர் (பி.எச்.-ஐ மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்) சேர்த்து 6 பக்கம் கொண்டுவர வேண்டும். ஏன் 6? கடலின் இயல்பான பி.எச். 8 பக்கம், அங்கேயே வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கே இரும்பு ஹைட்ராக்சைடாகத் திரளப் பார்க்கும், மெக்னீசியமும் கால்சியமும் கூடுதலாக வந்து ஒட்டும். 5-க்குக் கீழே போனாலோ காட்மியம், கோபால்ட் போன்றவை கைநழுவும். 6 என்பது எல்லோருக்கும் பொதுவான சமரசம். மாங்கனீசுக்கு மட்டும் அது போதாது, கொஞ்சம் மேலே போனால்தான் முழுசாக ஒட்டும். எல்லா உலோகத்துக்கும் பொருந்தும் ஒரே பி.எச். கிடையாது என்பதை ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொள்வது நல்லது.

வேலை நடக்கும் வரிசை இது. முதலில் அமிலம் விட்டு ரெசினைக் கழுவி, பஃபர் விட்டுத் தயார் செய்ய வேண்டும். கண்டிஷனிங் என்போம். பிறகு மாதிரியை, 40 மில்லிலிட்டர் என்று வையுங்கள், சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக இழுத்தால் அயனிக்கு மணியைச் சந்திக்கவே நேரம் இருக்காது. மாதிரி முடிந்ததும் நீர்த்த அம்மோனியம் அசிட்டேட் கொண்டு அலசல். இந்த அலசலைத்தான் பலர் சுருக்கிவிடுகிறார்கள், சுருக்கவே கூடாது. மணிகளுக்கு நடுவே தேங்கியிருக்கிற உப்பு நீர் இதில்தான் வெளியேறும், தளர்வாக ஒட்டிய மெக்னீசியமும் கால்சியமும் இதில்தான் இறங்கும். கடைசியாக ஒரு மோலார் நைட்ரிக் அமிலம், 1 மில்லிலிட்டர். மாதிரியை மேலிருந்து கீழாக விட்டிருந்தால் அமிலத்தைக் கீழிலிருந்து மேலாக விடுவது நல்லது. உலோகம் மேல்முனையிலேயே ஒட்டியிருக்கிறது, வந்த வழியே திரும்பிவிட்டால் குறைந்த அமிலத்திலேயே முழுதும் வெளியே வந்துவிடும். 40 மில்லிலிட்டர் 1 மில்லிலிட்டராகிவிட்டது. நாற்பது மடங்கு செறிவு, உப்பும் இல்லை. இதைக் கருவிக்குள் தயங்காமல் விடலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. கீலெக்ஸ்-100 என்ற ரெசினைக் கடல்நீருக்குப் பயன்படுத்தி ரைலியும் டெய்லரும் 1968-லேயே எழுதிவிட்டார்கள். மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் அம்மோனியம் அசிட்டேட்டால் அலசி எடுக்கும் வழி 1978-இல் வந்தது. கீலெக்ஸுக்கு ஒரு குணம் உண்டு, பி.எச். மாறும்போது ஊதும், சுருங்கும். அமிலம் விட்டதும் குழலுக்குள் ரெசின் இறங்கி இடைவெளி விழும், அடுத்த மாதிரி அந்த இடைவெளியில் புகுந்து ஓடும். பின்னால் வந்த டோயோபேர்ல், நோபியாஸ் போன்ற ரெசின்களில் இந்தத் தொல்லை குறைவு. இப்போது கடல் ஆய்வகங்கள் பலவற்றில் நோபியாஸ்தான் ஓடுகிறது.

பிளாங்க்

இதுவரை சொன்னது பாதி. கடினமான பாதி இனிமேல்தான்.

40 மில்லிலிட்டர் ஆழ்கடல் நீரில் மொத்தம் எவ்வளவு ஈயம் இருக்கிறது? கணக்குப் போட்டால் சுமார் 16 பிகோகிராம். இப்போது ஒரு தூசியை நினைத்துக்கொள்ளுங்கள். எடை ஒரு மைக்ரோகிராம், கண்ணில் படுவதே அரிது. அதில் பத்து லட்சத்தில் 50 பங்கு ஈயம் இருந்தால், சாலையோரத் தூசிக்கு இது சாதாரணம், அந்த ஒரு தூசியில் 50 பிகோகிராம். கடல் தந்ததைப் போல மூன்று மடங்கு. அந்தத் தூசி உங்கள் சட்டைக் கையிலிருந்து குழலுக்குள் விழுந்தால் அன்றைக்கு நீங்கள் அளந்தது உங்கள் சட்டையை. ரெசினுக்கு ஈயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கடலிலிருந்து வந்ததையும் பிடிக்கும், பஃபரிலிருந்து வந்ததையும் பிடிக்கும், இரண்டையும் ஒரே மாதிரி செறிவாக்கித் தரும்.

இதை உலகுக்குப் புரிய வைத்தவர் கிளேர் பேட்டர்சன். விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் சொன்னவர் அவர். அந்த வேலையில் அவரைப் பாடாய்ப் படுத்தியது ஆய்வகத்தில் எங்கு பார்த்தாலும் இருந்த ஈயம்தான். காற்றில், குழாய் நீரில், அமிலத்தில், தலைமுடியில். அதையெல்லாம் ஒழித்துக் கட்டக் கற்றுக்கொண்டவர், அதே கண்டிப்போடு கடல்நீரை அளந்தபோது அதுவரை வெளிவந்த ஈய அளவுகள் எவ்வளவு ஊதியிருந்தன என்பது தெரிந்தது. ஈயம் மட்டும் இல்லை, 1970-களின் நடுப்பகுதிக்கு முன் வெளியான பல சுவடு உலோக அளவுகளும் அப்படித்தான். கடல் மாறவில்லை, கைகள் சுத்தமாயின. 1976-இல் காட்மியத்தின் ஆழவாரி அளவு பாஸ்பேட்டோடு கைகோத்துப் போவதாகக் காட்டினார்கள். முன்பெல்லாம் சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரு சீரான கோடாக வந்து நின்றன. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கும்.

எனவே ஒவ்வொரு நாளும் மாதிரி இல்லாத ஓட்டம் ஒன்று ஓட்ட வேண்டும். அதே அமிலம், அதே பஃபர், அதே குழல், அதே கை. கடல்நீர் மட்டும் இல்லை. அதில் வருகிற அளவுக்குப் பெயர் பிளாங்க். அது நம் அழுக்கின் அளவு.

நான் வேலை கற்றுக்கொண்ட ஆய்வகத்தில் துத்தநாகத்தின் பிளாங்க் மூன்று வாரம் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டியது. அமிலத்தை மாற்றினோம், நீரை மாற்றினோம், ரெசினையே புதிதாக அடைத்தோம். ஈயம், செம்பு, நிக்கல் எல்லாம் அடங்கிவிட்டன, துத்தநாகம் அடங்கவில்லை. குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோதுதான் ஒன்று பட்டது. பிளாங்க் ஏறிய நாள்களில் எல்லாம் பஃபர் கலக்கியவர் ஒருவரே. அவர் போட்டிருந்தது பவுடர் பூசிய லேட்டக்ஸ் கையுறை. அந்த ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாகச் சேர்மங்கள் சேர்ப்பார்கள். பவுடரில்லாத கையுறைக்கு மாறிய அன்றே எண் கீழே இறங்கியது. அந்த நண்பர் செய்தது எதுவும் தவறில்லை, பெட்டியில் இருந்த கையுறையை எடுத்துப் போட்டார். இந்த வேலையில் அது போதும்.

இதனால்தான் புட்டிகளைக் கண்ணாடியில் வைப்பதில்லை, அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்த பாலிஎத்திலீனில் வைக்கிறோம். பிப்பெட் முனைகள் மஞ்சள், நீலம் வேண்டாம், நிறமற்றதே வேண்டும், ஏனென்றால் சாயத்திலும் உலோகம் இருக்கலாம். அமிலத்தைக் கொதிக்கவிடாமல் மெல்ல ஆவியாக்கி, குளிரவைத்துத் திரும்ப எடுக்கிறோம். பஃபரை மாதிரிக்குச் சேர்க்கும் முன் அதே வகை ரெசின் வழியாக ஒருமுறை ஓட்டிச் சுத்தம் செய்கிறோம். கப்பலே இரும்பால் ஆனது என்பதால் நீர் எடுக்கும் கலன்களை எஃகுக் கம்பியில் இறக்குவதில்லை, கெவ்லார் கயிறு போன்றவற்றில் இறக்குகிறார்கள். படிக்க அலுப்பாக இருக்கும். ஆனால் இதில் எதையாவது விட்டால் அது எண்ணில் வந்து நிற்கும்.

வந்த எண்ணை எப்படி நம்புவது?

குழலில் விட்ட உலோகம் முழுவதும் வெளியே வந்ததா என்று பார்ப்பதே முதல் சோதனை. தெரிந்த அளவு உலோகத்தைக் கடல்நீரில் சேர்த்து ஓட்டி, நூற்றுக்கு எத்தனை திரும்பி வந்தது என்று பார்ப்பார்கள். சுத்த நீரில் சேர்த்துப் பார்ப்பது போதாது. உப்பு நடுவே ரெசின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அளவு உறுதி செய்யப்பட்ட கடல்நீரையே புட்டியில் விற்கிறது. திறந்த கடலுக்கு நாஸ், கரையோரக் கடலுக்குக் காஸ் என்று வரிசைகள். அதை ஓட்டி, சான்றிதழில் உள்ள எண் நமக்கும் வருகிறதா என்று பார்க்காமல் சொந்த மாதிரியின் எண்ணை வெளியே சொல்லக் கூடாது.

இழப்பைப் பற்றிக் கவலையே படாத ஒரு வழியும் இருக்கிறது. ஒரு சாக்கு நிறையப் புளியங்கொட்டை, எத்தனை என்று தெரியாது. நூறு குன்றிமணியை எண்ணி உள்ளே போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஒரு கைப்பிடி அள்ளினால் ஒரு குன்றிமணிக்கு முப்பது புளியங்கொட்டை வருகிறது. அப்படியானால் சாக்கில் ஏறத்தாழ மூவாயிரம். அள்ளும்போது பாதி கீழே சிந்தினாலும் விகிதம் மாறாது. ஐசோடோப்பு நீர்ப்பு முறை இதுதான். இயற்கை ஈயத்தில் அரிதாக உள்ள ஐசோடோப்பைச் செறிவூட்டி, அளந்து, மாதிரியில் ஆரம்பத்திலேயே கலந்துவிடுவார்கள். அதன்பின் குழலில் பாதி ஈயம் தங்கிவிட்டாலும் கணக்கு தப்பாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், வெளியிலிருந்து விழுந்த தூசியை இந்த முறையாலும் அடையாளம் காண முடியாது. கோபால்ட், மாங்கனீசு போல இயற்கையில் ஒரே ஐசோடோப்பு உள்ளவற்றுக்கும் இது உதவாது.

எஸ்.பி.இ. தீர்க்காத சிக்கல்களும் உண்டு. இரும்பின் நிறை 56. ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தாலும் 56. அந்த ஆர்கான் உப்பிலிருந்து வந்ததல்ல, கருவியின் பிளாஸ்மாவே அதுதான். எவ்வளவு அலசினாலும் போகாது. அதைக் கருவியின் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும். மாலிப்டினம் ரெசினில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து காட்மியத்தின் இடத்தில் நிற்கும். அதற்குத் தனித் திருத்தம் போட வேண்டும். கடலில் செம்பும் கோபால்ட்டும் கரிமச் சேர்மங்களின் பிடியில் இருப்பதால் சில சமயம் ரெசினுக்குக் கிடைக்கவே கிடைக்காது. முன்கூட்டியே புற ஊதா ஒளி காட்டி அந்தப் பிடியை உடைக்க வேண்டும். ஆர்சனிக்கை இந்தக் கொடுக்கு பிடிக்கவே பிடிக்காது. அது நீரில் எதிர் அயனியாகத் திரிகிறது, இந்தக் கைகளோ நேர் அயனிக்குக் காத்திருப்பவை.

கடல்நீர் அல்லாத உப்பு மாதிரிகளுக்கும் இதே வழிதான். உப்பளத்தில் உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர், டயாலிசிஸ் கரைசல், கரையோரக் கிணற்று நீர் எதுவானாலும் சரி. கசப்பு நீரில் மட்டும் கவனம் வேண்டும். சோடியம் குளோரைடு படிகமாகப் பிரிந்துபோன பின் மிஞ்சுவதில் மெக்னீசியம் ஏகத்துக்கும் இருக்கும். தளர்வாக ஒட்டுகிற மெக்னீசியமும் அவ்வளவு கூட்டமாக வந்தால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூய நீர் சேர்த்துக் கடல்நீர் அளவுக்கு நீர்க்க வைத்து, அலசலை இரட்டிப்பாக்கி, திரும்பி வந்த சதவீதத்தைப் புதிதாகச் சோதித்த பிறகுதான் தொடங்க வேண்டும். கடல்நீருக்குச் சோதித்தது அதற்குச் செல்லாது.

நீங்கள் இதைத் தொடங்குவதாக இருந்தால் முதல் நாள் மயில்துத்தத்தை ஓட்டிப் பாருங்கள், கண்ணால் பார்த்தது மறக்காது. அதன்பின் முதல் வாரம் முழுக்க மாதிரிப் புட்டியைத் திறக்கவே வேண்டாம். பத்து பிளாங்க் ஓட்டுங்கள். பத்து எண்களின் திட்டவிலக்கத்தைக் கண்டு மூன்றால் பெருக்குங்கள். உங்கள் மேசையில், உங்கள் அமிலத்தோடு, உங்கள் கையால் எதுவரை அளக்க முடியும் என்பது அந்த எண். ஈயத்துக்கு அது கிலோவுக்கு 0.1 நானோகிராமுக்குக் கீழே வந்துவிட்டால் ஆழ்கடல் நீரைத் திறக்கலாம். வராவிட்டால் பஃபரிலிருந்து ஆரம்பியுங்கள், அழுக்கு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.